கொடுந்தமிழுக்கும் இலக்கணம் கண்ட வீரமாமுனிவர்

இத்தாலி நாட்டில் மாந்துவா நகரை அடுத்த காஸ்திலியோனே என்னும் சிற்றூரில் 1680ஆம் ஆண்டு நவம்பர் திங்கள் 8ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. கொன்ஸ்டான்சோ பெஸ்கி என்பது அக்குழந்தையின் பெயர். இளைஞர்களின் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித ஞானப்பிரகாசியார் 1568இல் பிறந்ததும் இதே ஊரில்தான். ஞானப்பிரகாசியாரைப் போலவே பெஸ்கியும் இளமையிலேயே சேசு சபையில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினெட்டு. குருப்பட்டம் பெற்றபின் கப்பலேறி 1710இல் கோவா வந்தார். அங்கிருந்து மதுரை மறைப்பணித்தளத்தை 1711இல் அடைந்தார். தமிழர் அவரைத் தைரியநாதசாமி என்று அழைத்தனர். வீரமாமுனிவர் என்று இன்று நாம் போற்றுவது அவரைத்தான்.

அவர் கட்டிய கோயில்களையும் பாடிய காப்பியத்தையும் பற்றி நம் தமிழ்ப் பாடநூலிலும் மறைக்கல்வி வகுப்பிலும் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆகவே நான் இங்கே எழுத விரும்புவது வேறொன்று. ஆங்கில கிராமர் வகுப்பு என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்குகிறதல்லவா? இந்த முனிவர் நம் பக்கத்து ஊர்களில் நடமாடிய காலத்தில் அதே கலக்கத்தை எதிர்த்திசையிலிருந்து அனுபவித்தவர். நாம் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகத் தடுமாறுகிறோம். அவரோ இலத்தீனிலிருந்தும் இத்தாலியத்திலிருந்தும் தமிழுக்கு வரத் தடுமாறினார். தடுமாறியதோடு நிற்கவில்லை. தமக்குப் பின் வருகிறவர்கள் தடுமாறாதிருக்க வழியும் எழுதி வைத்தார்.

நம் இளையரசனேந்தலுக்கு அருகிலுள்ள காமநாயக்கன்பட்டி உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 15ஆம் நாள் பரலோக மாதா திருவிழாவுக்கு நம்மில் எத்தனையோ பேர் அங்கே போய் வருகிறோம். அந்த ஊரிலும், தெற்கே கயத்தாற்றுப் பக்கத்திலும் வீரமாமுனிவர் தம் பணியின் தொடக்க ஆண்டுகளைக் கழித்தார். காவி உடுத்தி, புலால் நீக்கி, சந்நியாசியைப் போல வாழ்ந்தார். அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன், 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காட்டிய வழி அது. ஆனால் அமைதியான வாழ்வு கிடைக்கவில்லை. 1714, 1715ஆம் ஆண்டுகளில் கலகம் மூண்டது. அவர் பிடிபட்டார். மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. எப்படியோ உயிர் தப்பினார். நாம் பருத்தியும் மிளகாய் வற்றலும் காயப்போடும் இந்தக் கரிசல் பூமியில் அந்த உயிர் அன்றே போயிருந்தால், பின்னால் வந்த அத்தனை நூல்களும் பிறந்திருக்கவே மாட்டா.

பார்த்தீர்களா, தோழியரே, நானும் ஒரு 'இருந்தால்' போட்டுவிட்டேன்! இந்தச் சின்னச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம்.

இத்தாலிய மொழியில் நிபந்தனையைச் சொல்ல 'ஸே' என்று ஒரு சொல் உண்டு. இலத்தீனில் அது 'ஸி'. ஆங்கிலத்தில் 'இஃப்'. மூன்றும் வாக்கியத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு, வரப்போவது நிபந்தனை என்று முன்கூட்டி அறிவித்துவிடும் காவற்காரர்கள். தமிழிலோ வாசலில் யாரும் இல்லை. பேசுகிறவர் பெயரைச் சொல்வார், இடத்தைச் சொல்வார், காலத்தைச் சொல்வார். கடைசியில் வினைச்சொல் வந்து அதன் வாலில் 'ஆல்' என்று ஒட்டும்போதுதான் இவ்வளவும் நிபந்தனை என்று கேட்பவருக்கு விளங்கும். 'நாளைக்குக் காலையில் உன் அண்ணன் சந்தைக்கு வந்தால்' என்பதில் ஏதேனும் ஒரு நிபந்தனை இருப்பதாக 'வந்தால்' வரும்வரை தெரிகிறதா? இத்தாலியிலிருந்து வந்த ஒருவருக்கு இது எவ்வளவு திகைப்பாக இருந்திருக்கும்!

பிரெபொசிஷன் என்று நாம் படிப்பதும் அப்படியே. இன், ஆன், அட், ஃபார் என்று பெயருக்கு முன்னே நிற்கும் அச்சிறு சொற்களின் வேலையைத் தமிழில் பெயருக்குப் பின்னே வரும் வேற்றுமை உருபுகளும், மேல், கீழ், முன், பின் போன்ற சொற்களும் செய்கின்றன. இலத்தீனில் பெயரின் இறுதியும் மாறும், முன்னே சொல்லும் நிற்கும். அங்கே வேற்றுமை ஆறு. தமிழில் எட்டு. ஆறு பெட்டிகளோடு வந்தவர் எட்டுப் பொருள்களை அடுக்க வேண்டியதாயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இவ்விரண்டும் சேர்ந்து வரும் இடத்தைப் பாருங்கள். நம்மைத் தேர்வில் வீழ்த்தும் இடமும் அதுதான். ஆங்கிலத்தில் 'இஃப் பாஸிபிள்', 'இஃப் நெசசரி' என்று ஒரு பெயரடையை மட்டும் வைத்தே நிபந்தனையை முடித்துவிடுகிறார்கள். நடுவிலிருந்த 'இட் இஸ்' ஓசையில்லாமல் நழுவிவிடுகிறது. 'இஃப் இன் டௌட்' என்பதில் பிரெபொசிஷனும் அதன் பெயரும் மட்டுமே மிஞ்சுகின்றன. வினைச்சொல்லும் இல்லை, 'நீ' என்ற எழுவாயும் இல்லை. தமிழில் இது நடக்காது. 'கூடுமானால்', 'தேவையானால்', 'ஐயமிருந்தால்' என்று நாம் சொல்லியாக வேண்டும். 'ஆல்' தொங்குவதற்கு ஒரு வினை என்னும் கொம்பு வேண்டும். 'பெரிய' என்ற சொல்லின் மேல் அது நேரே ஒட்டாது. 'பெரியதானால்' அல்லது 'பெரிதாக இருந்தால்' என்று ஆகுவோ இருவோ வந்து கைகொடுக்கிறது. 'வீட்டில்' என்பதோடும் ஒட்டாது. 'வீட்டில் இருந்தால்' என்றுதான் சொல்ல வேண்டும். அதனால்தான் நம்மில் சிலர் 'இஃப் டௌட்' என்று 'இன்'னை விழுங்கிவிடுகிறார்கள். வேறு சிலர் 'இஃப் நெசசரி இஸ்' என்று இல்லாத வினையை ஒட்ட வைக்கிறார்கள். இரண்டும் பிழை. ஆனால் அந்தப் பிழைக்குக் காரணம் மந்தபுத்தி அன்று. நம் தாய்மொழி வினையைக் கேட்கிறது, அவ்வளவே. (போகிற போக்கில் இன்னொன்று: 'பட்' என்பதற்கு நாம் எழுதும் 'ஆனால்' என்ற சொல்லும் 'ஆகு' என்ற வினையில் இதே 'ஆல்' ஒட்டிப் பிறந்ததுதான்.)

இத்தகைய இடங்களிலெல்லாம் முட்டி மோதித்தான் வீரமாமுனிவர் தமிழைக் கற்றார். வரும்போதே வயது முப்பது. ஒரு சொல்லைத் தேடினால் அகர வரிசையில் உடனே எடுத்துப் பார்க்க நம் கையிலுள்ளது போன்ற அகராதி அன்று கிடையாது. நிகண்டுகள் இருந்தன. அவை செய்யுளாக இருந்தமையால் மனப்பாடம் செய்தவர்க்கே பயன்பட்டன. இலக்கண நூல்களும் செய்யுளே. 'செயின்' என்னும் வாய்பாட்டு எச்சம் என்று நன்னூலில் ஒரே சொல்லில் முடிந்துபோகும் செய்தியை, 'இதுதான் உன் ஊரில் ஸே என்பது' என்று அவருக்கு எடுத்துச் சொல்ல நூல் ஏதும் இல்லை.

அந்த நூலை அவரே எழுதினார். நான்கு ஐந்து இலக்கண நூல்கள் அவர் பெயரால் உள்ளன. அவற்றில் தமிழ்ப் புலவர்கள் மிகவும் கொண்டாடுவது தொன்னூல் விளக்கம். எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என ஐந்திலக்கணமும் கூறும் அந்நூல் 1730ஆம் ஆண்டினது. ஆனால் என் மனத்தைக் கவர்ந்தது அதுவன்று. அதற்கு இரண்டாண்டு முன்னதாக, 1728இல், அவர் இலத்தீன் மொழியில் எழுதிய கொடுந்தமிழ் இலக்கணம்தான்.

கொடுந்தமிழ் என்றவுடன் கொடுமையான தமிழ் என்று எண்ணிவிடாதீர்கள். 'கொடு' என்றால் வளைந்த என்று பொருள். செம்மையான, நேரான தமிழ் செந்தமிழ். மக்கள் வாயில் வளைந்து நெளிந்து வழங்கும் தமிழ் கொடுந்தமிழ். அந்நாளில் புலவர்கள் இலக்கணம் எழுதினால் செய்யுளுக்கும் செந்தமிழுக்குமே எழுதினார்கள். உழவரும் வணிகரும் வீட்டுப் பெண்களும் பேசும் பேச்சை வகுத்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? வீரமாமுனிவருக்குத் தோன்றிற்று. அவருக்கு அது தேவையும்கூட. சாகக் கிடக்கும் ஒரு பாட்டியிடம் பாவசங்கீர்த்தனம் கேட்கப் போகும் குருவானவருக்கு 'கூடின்' என்ற செந்தமிழ் வாய்பாடு எதற்கு? அந்தப் பாட்டியின் வாய்ப்பேச்சு விளங்கினால் போதாதா?

என் பாட்டி இன்றைக்கும் 'முடிஞ்சா வாளா' என்பார்கள். அதை நோட்டில் எழுதினால் சிவப்பு மையில் ஒரு சுழி விழும். விழ வேண்டியதுதான், பள்ளிக்கூடத்தில் எழுத்துத் தமிழைத்தானே கற்க வருகிறோம்! ஆனால் 'முடிஞ்சா'வுக்கும் ஒரு விதி உண்டு. 'முடிந்தால்' என்பதன் 'ந்த' பேச்சில் 'ஞ்ச' ஆயிற்று, கடைசி 'ல்' மறைந்தது. எந்த ஊரிலும் யாரும் இதைத் தாறுமாறாகச் சொல்வதில்லை. பேச்சுக்கும் ஒழுங்கு உண்டு என்பதை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஓர் அயல்நாட்டவர் மதித்து நூலாக்கினார் என்பதை நினைக்கும்போது எனக்கு வியப்பாகவும், பாட்டிக்காகக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது. தமிழுக்கு ஐரோப்பியர் எழுதிய இலக்கணங்களில் இது முதலாவது அன்று. தரங்கம்பாடியிலிருந்த சீகன்பால்கு எழுதியது 1716இலேயே ஜெர்மனியில் அச்சாகிவிட்டது. ஆயினும் பேச்சுத்தமிழையும் செந்தமிழையும் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நூல் செய்தவர் வீரமாமுனிவரே.

இந்நூல் அச்சான கதை இன்னும் சுவையானது. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மிஷனாருக்கும் நம் முனிவருக்கும் சமய விஷயத்தில் கடும் பகை. அவர்களை மறுத்து இவர் நூல்கள் எழுதினார். அவர்களும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சண்டையை இங்கே விரிக்க எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1738இல் கொடுந்தமிழ் இலக்கணத்தை அச்சிட்டு வெளியிட்டது எந்த அச்சுக்கூடம் தெரியுமா? அதே தரங்கம்பாடி அச்சுக்கூடம்தான்! கருத்திலே பகையிருந்தும் அவருடைய இலக்கணம் இல்லாமல் அவர்களுக்கு முடியவில்லை.

எழுத்திலும் அவர் கை வைத்தார். பழைய ஓலைச்சுவடிகளில் எகரக் குறிலுக்கும் ஏகார நெடிலுக்கும் ஒரே ஒற்றைக் கொம்புதான். குறிலின் மேல் புள்ளி வைக்க வேண்டும் என்பது விதி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியுமென்று பெரும்பாலோர் வைப்பதில்லை. ஆகவே 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும் பார்வைக்கு ஒன்றே. நெருப்பா, நீரா என்று படிப்பவர்தாம் இடம் பார்த்து அறிய வேண்டும். 'மெல்' என்பதும் 'மேல்' என்பதும் ஒன்றே. மென்மையைக் குறிக்கும் சொல்லா, இடத்தைக் காட்டும் சொல்லா? நம் கிராமர் கணக்கில் சொன்னால், இது பெயரடையா, பிரெபொசிஷனா? ஊர்க்காரர் ஊகித்துக்கொள்வார். புதிதாகப் படிக்க வந்தவர் என்ன செய்வார்? நெடிலுக்குக் கொம்பின் தலையைச் சுழித்து 'ே' என்று எழுதும் முறையை வீரமாமுனிவர் புகுத்தினார். எகரத்தின் காலை இழுத்து 'ஏ' என்றும், ஒகரத்தின் கீழே சுழித்து 'ஓ' என்றும் வேறுபாடு செய்தார். இன்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதும் ஒவ்வொரு 'ஏ'யிலும் அவர் இழுத்த அந்தக் கோடு இருக்கிறது.

இலக்கணத்தை மட்டும் கொடுத்தால் படிப்பவர் கொட்டாவி விடுவார் என்பதும் அவருக்குத் தெரியும் போலும்! தமிழ் பயில்வோர் வாசித்துப் பழகுவதற்காகப் பரமார்த்த குருவின் கதையை எழுதி, இலத்தீன் மொழிபெயர்ப்பும் சேர்த்தார். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்னும் ஐந்து சீடர்கள் செய்யும் கூத்துகளைச் சொல்லி நம் தாத்தாமார் சிரிக்க வைத்திருப்பார்கள். அதில் குருவின் முடிவே ஒரு நிபந்தனையில்தான் தொங்குகிறது. தான் அமர்ந்த கிளையையே வெட்டும் சீடனைப் பார்த்து, விழுவாய் என்கிறார் வழிப்போக்கரான ஓர் ஐயர். விழுகிறான். அடடா, இவர் பெரிய தீர்க்கதரிசி என்று எண்ணி, எங்கள் குருவுக்குச் சாவு எப்போது என்று கேட்கிறான். உட்காரும் இடம் குளிர்ந்தால் உயிர் போகும் என்று சொல்லி அவர் தப்பித்துக்கொள்கிறார். அவ்வளவுதான்! அன்றுமுதல் மடத்தில் அத்தனை பேருக்கும் அந்த ஒரு 'குளிர்ந்தால்' பெரும் பயமாகிவிடுகிறது. பிறகு ஒருநாள் நனைந்து குளிர்ந்துபோன குரு, காலம் வந்துவிட்டது என்று தாமே முடிவு செய்துகொள்கிறார். அதே கதையில் இன்னொரு கூத்து. குதிரையிலிருந்து விழுவதில் எவையெவற்றை எடுக்க வேண்டும் என்று குரு பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவரே குப்புற விழுந்தபோது, பட்டியலில் அவர் பெயர் இல்லை என்று சீடர்கள் அவரை எடுக்க மறுக்கிறார்கள். கிராமர் விதியை மட்டும் உருப்போட்டு, வாக்கியத்தின் பொருளைக் குழியில் விட்டுவிடும் நம்மைப் பார்த்துத்தான் எழுதினாரோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

மற்றப் பணிகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதா கோயிலும், விருத்தாசலம் பக்கம் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதா கோயிலும் அவர் பெயரோடு இணைந்தவை. புனித சூசையப்பரின் வரலாற்றைப் பாடும் தேம்பாவணி 3 காண்டங்களும், 36 படலங்களும், 3615 பாடல்களும் கொண்டது. திருக்குறளில் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்தார். மூன்றாம் பாலைத் துறவியானவர் தொடவில்லை! 1732இல் முடித்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பகுதிகளில் சொற்களை அகர வரிசைப்படுத்தியது. நிகண்டை நெட்டுருப் போட முடியாதவரும் சொற்பொருள் காண அதனால் வழி பிறந்தது. சந்தா சாகிபிடம் திவானாக இருந்தார், பல்லக்கிலும் வெண்குதிரையிலும் வந்தார் என்றெல்லாம் பழைய வரலாறுகள் கூறும். ஆராய்ந்தவர்கள் பலர் அதை ஐயுறுவதால் நான் விட்டுவிடுகிறேன். திவான் உடையைவிடக் காவியே அவருக்குப் பொருத்தம்.

கடைசிக் காலத்தில் மலையாள நாட்டிலுள்ள அம்பலக்காடு என்னும் ஊருக்குச் சென்று, 1747ஆம் ஆண்டு பெப்ருவரி 4ஆம் நாள் அங்கே இறைவனடி சேர்ந்தார். பழைய நூல்கள் சிலவற்றில் 1742 என்றிருக்கும்.

அவருடைய சுவடிகள் அவரோடு உறங்கவில்லை. ஆங்கிலேயர் சென்னையில் 1812இல் கோட்டைக் கல்லூரி அமைத்துத் தம் அதிகாரிகளுக்குத் தமிழ் கற்பிக்கத் தொடங்கியபோது, வழிகாட்டியாகத் தேடி எடுத்தவை இவர் நூல்களே. பாபிங்டன் என்பவர் செந்தமிழ் இலக்கணத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து 1822இல் சென்னையில் வெளியிட்டார். அதே ஆண்டில் பரமார்த்த குருவும் தம் சீடர்களோடு லண்டனில் அச்சேறினார். 1824இல் சதுரகராதி சென்னையில் அச்சாயிற்று. கொடுந்தமிழ் இலக்கணமும் ஆங்கிலமாயிற்று. தமிழின் 'ஆல்' என்பதை ஆங்கிலத்தின் 'இஃப்' என்பதோடு பொருத்திப் பார்க்க அன்றைய ஆங்கிலேயர் பலருக்கு உதவியது இந்த இத்தாலியர் போட்ட பாதை. நாம் அந்தப் பாதையில் எதிர்ப்பக்கமாக நடக்கிறோம்.

1968இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடந்தபோது, மெரினா கடற்கரையில் தமிழ்ச் சான்றோர் வரிசையில் அவருக்கும் சிலை வைத்தார்கள். சென்னைக்குச் சுற்றுலா போகும் தோழியர் அதைப் பார்க்கலாம். அவ்வளவு தூரம் போக இயலாதவர்களுக்கு, கூடுமானால், பக்கத்திலேயே காமநாயக்கன்பட்டி இருக்கிறது.